கூடையிலிருந்து எடுத்த பெயர்

ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் தங்கள் அனுபவங்களை எழுதும் இந்தப் பக்கத்துக்கு என்னிடமும் ஒன்று கேட்டார்கள். எனக்கு முப்பத்து நான்கு வயது. மகள் இந்த வருடம்தான் பாலர் வகுப்புக்குப் போகத் தொடங்கியிருக்கிறாள். ஓய்வு பெறுகிற வயதா இது என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. வகுப்பறையை விட்டு வந்து மூன்று வருடமாகிறது, திரும்பிப் போகும் எண்ணமும் இல்லை. எழுதலாம் என்று ஒப்புக்கொண்டு, எழுதாமலே இருந்தேன்.

சென்ற மாதம் ரொறன்ரோவின் அஜின்கோர்ட் பகுதியில் ஒரு பிறந்தநாள் விழா. ஆசிரியர் பயிற்சியை முடிக்கப்போகும் இரண்டு பெண்பிள்ளைகள் என்னைத் தேடி வந்து பக்கத்தில் இருந்தார்கள். ஸ்பானிஷ் படிப்பித்தால் வேலை கெதியாகக் கிடைக்குமாம், உண்மையா என்று கேட்டார்கள். பிறகு ஒருத்தி சொன்னாள்: “அக்கா, முதல் நாள் பிள்ளையளுக்கு ஸ்பானிஷ் பேர் குடுக்கிறது நல்ல ஐடியா என்ன? நாங்கள் பயிற்சிக்குப் போன ஸ்கூல்ல அப்பிடித்தான். கிட்ஸ் லவ் இற்.”

நான் கையிலிருந்த ரோல்ஸைத் தட்டில் வைத்தேன். அங்கே வாயைத் திறந்தால் கேக் வெட்டுகிற இடத்தில் சண்டை மாதிரி ஆகிவிடும் என்று பயந்து, “பார்த்துச் செய்யுங்கோ” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அந்தக் கோழைப் பதிலைத்தான் இங்கே திருத்த நினைக்கிறேன்.

ஒரு தமிழ்ப் பெண் ரொறன்ரோவில் ஸ்பானிஷ் ஆசிரியையானது எப்படி என்று எல்லோரும் கேட்பார்கள். பெரிய கதை இல்லை. பதினான்கு வயதில் அப்பா அம்மாவோடு இங்கே வந்தேன். ஆங்கிலத்தில் எல்லோரும் எனக்கு முன்னால் நின்றார்கள், பிரெஞ்சில் இன்னும் முன்னால் நின்றார்கள். ஸ்பானிஷ் வகுப்பில் மட்டும் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. வாழ்க்கையில் முதல் தடவையாக எல்லோரோடும் ஒரே கோட்டில் நின்று ஓடத் தொடங்கினேன், ஓடிக்கொண்டே பல்கலைக்கழகம்வரை போய்விட்டேன். பிறகு பயிற்சிக் கல்லூரி. பிறகு சில வருடங்கள், யாராவது ஆசிரியர் சுகமில்லையென்றால் காலையில் தொலைபேசி வரும், ஓடிப் போய் அவர் வகுப்பைப் பார்க்க வேண்டும். அதன் பிறகு ஸ்காபரோவில் ஓர் உயர்பாடசாலையில் வருட ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். ஒவ்வொரு ஜூனிலும் புதுப்பிக்க வேண்டிய ஒப்பந்தம். நிரந்தரமாக்குவதைப் பற்றித் துறைத் தலைவிதான் சிபாரிசு செய்ய வேண்டும்.

அவரை மிசிஸ் எம் என்று சொல்லிக்கொள்கிறேன். இளவயதில் ஸ்பெயினில் ஒரு வருடம் இருந்தவர். மொழியை உண்மையாகவே நேசித்தார், அதை நான் மறுக்க மாட்டேன். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. பாராட்டுவதென்றால் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பாராட்டுவார். குறை சொல்வதென்றால் கதவை அகலத் திறந்து வைத்து, வெளியில் மற்ற ஆசிரியர்கள் போய்வரும்போது, மிக மென்மையாகச் சொல்வார். “கண்ணே” என்று தொடங்குவார். அந்தச் சொல் வந்தால் வெளியில் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பேன்.

அவருடைய கூடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்த புல்லுக்கூடை. அதற்குள் ஸ்பானியப் பெயர்கள் எழுதி, பிளாஸ்டிக் ஒட்டிய அட்டைகள். பெண்களுக்கு மஞ்சள், ஆண்களுக்கு நீலம். செப்டெம்பரில் முதல் நாள் கூடை வகுப்பைச் சுற்றி வரும். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்த பெயரை மடித்த அட்டையில் எழுதி மேசையில் நிறுத்த வேண்டும். அந்தப் பெயர்தான் அந்த அறைக்குள் அவர்களுடைய பெயர். மாற்ற முடியாது. வரவு பதியும் இடாப்பில்கூட சொந்தப் பெயருக்குப் பக்கத்தில் அதை எழுதிவைத்து அதைத்தான் கூப்பிட வேண்டும். தன் ஸ்பானியப் பெயருக்குப் பதில் சொல்லாத பிள்ளைக்கு அன்றைய பங்கேற்புப் புள்ளி இல்லை. பங்கேற்பில் தவறினால், பரீட்சையில் எவ்வளவு எடுத்தாலும் பாடம் தவறியதாகவே கொள்ளப்படும். இது அரசாங்கம் போட்ட விதியில்லை. மிசிஸ் எம் போட்ட விதி.

இதில் என்ன பிழை என்று நானும் நினைக்கவில்லை. நான் மாணவியாக இருந்தபோது எனக்கும் சோஃபியா என்று ஒரு பெயர் கிடைத்தது, அது எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. சுகந்தி என்ற என் பெயரை ஆசிரியர்கள் உடைத்து நொறுக்கும்போது வகுப்பே சிரிக்கும். சோஃபியாவைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. ஆகவே கூடையை நானும் சந்தோஷமாகத்தான் சுற்றவிட்டேன்.

அந்த வருடம் என் இரண்டாம் ஆண்டு ஸ்பானிஷ் வகுப்புக்குத் துஷ்யந்தி வந்தாள். பதினேழு வயது. தாய் தகப்பன் யாழ்ப்பாணத்தில். இங்கே சின்னம்மாவோடு இருந்தாள். முதலில் நகரின் நடுவில், சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்து, அங்கே பக்கத்துப் பாடசாலையில் முதலாம் ஆண்டு ஸ்பானிஷ் படித்துவிட்டு, குடும்பம் ஸ்காபரோவில் உள்ள மல்வேர்னுக்கு மாறியபோது எங்களிடம் வந்திருந்தாள். ஆங்கிலத்தில் அவளை இரண்டு வகுப்புக் கீழே போட்டிருந்தார்கள். கணக்கிலும் அப்படியே. வயதுக்கேற்ற வகுப்பில் அவள் இருந்தது ஸ்பானிஷில் மட்டும்தான். அதிலும் தவறினால் இன்னொரு வருடம் பின்னுக்கு. அப்படிப் பின்னுக்குப் போனால் படிப்பு போதும், வேலைக்குப் போகட்டும் என்று சித்தப்பா சொல்லியிருந்தார். தொழிற்சாலை ஒன்றில் கேட்டும் வைத்திருந்தார்.

முதல் நாள் கூடை அவளிடம் போனது. மற்றவர்களெல்லாம் இரண்டாம் வருடக்காரர், ஏற்கெனவே பெயர் வைத்திருந்தவர்கள். அவள் மட்டும்தான் புதிது. ஒரு மஞ்சள் அட்டையை எடுத்தாள், லூசியா என்று இருந்தது. பார்த்தாள், திரும்பக் கூடைக்குள் போட்டாள். நான் சிரித்துக்கொண்டே அதை எடுத்து அவள் மேசையில் வைத்தேன். மேசையில் நிறுத்துகிற அட்டையில் அவள் ஒன்றும் எழுதவில்லை.

லூசியா என்று கூப்பிட்டால் பேசமாட்டாள். சன்னலைப் பார்ப்பாள். பாடம் விளங்கவில்லையென்று நினைத்து ஒருநாள் பழக்கத்தில் “துஷ்யந்தி” என்று கூப்பிட்டுவிட்டேன். உடனே எழுந்து, கேட்ட கேள்விக்கு முழு வாக்கியத்தில், அந்த வகுப்பில் வேறு யாரும் சொல்லாத அளவுக்குத் திருத்தமாகப் பதில் சொன்னாள். பின் வரிசையில் இருந்த ரஃபேல் என்ற பையன் மேசையைத் தட்டினான். உண்மையில் அவன் பெயர் வெய்ன்.

ஒக்டோபரில் மிசிஸ் எம் வகுப்பைப் பார்க்க வந்தார். பின்னால் ஒரு கதிரையில் இருந்து, லூசியா நான்கு தடவை பேசாமல் இருந்ததைக் குறித்துக்கொண்டார். அன்று பின்னேரம் அவர் அறைக் கதவு திறந்திருந்தது.

“கண்ணே, இந்த அறைக்குள் எல்லோரும் சமமாக வருகிறார்கள். வெளியில் யார் என்ன என்பதைக் கதவுக்கு வெளியில் விட்டுவிட்டு வருகிறார்கள். அதுதான் இந்தப் பெயரின் அழகு. அந்தப் பிள்ளை பிடிவாதம் பிடிக்கிறாள். வீட்டோடு பேசு. உங்கள் மொழியிலேயே பேசு.”

நான் சொன்னபடி செய்கிறவள். அன்றே சின்னம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். மகளுக்குக் காதுவலி, தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே பேசினேன். அவசரத்தில் இப்படித்தான் சொன்னேன்:

“அக்கா, துஷ்யந்திக்கு இஞ்ச இன்னொரு பேர் இருக்கெல்லே. அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டா வாய் திறக்கிறா இல்லை. மேல உள்ளவை விசாரிக்கினம். வீட்டில ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோ.”

 “நாங்கள் பிறகு எடுக்கிறம் ரீச்சர்” என்று சின்னம்மா தொலைபேசியை வைத்துவிட்டார்.

அடுத்த நாள் துஷ்யந்தி வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. தொலைபேசியை எடுப்பாரில்லை. அந்த வாரம் முழுவதும் என்ன சொல்லிவிட்டேன் என்று நினைத்து நினைத்து, சனிக்கிழமை மகளையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி மல்வேர்னுக்குப் போனேன். தொடர்வீடுகளின் வரிசையில் ஒன்று. கதவைத் திறந்த சின்னம்மா என்னைப் பார்த்ததைவிட என் பின்னால் யாரும் வருகிறார்களா என்றுதான் முதலில் பார்த்தார். உள்ளே நடையில் இரண்டு பெரிய பைகள் கட்டி வைத்திருந்தார்கள். மொன்றியலில் இருக்கும் சொந்தக்காரரிடம் பிள்ளையை அனுப்பப் போகிறார்கள்.

“எங்கட ஆள் எண்டு நம்பினன் ரீச்சர்” என்றார். “ஆர் சொன்னது உங்களுக்கு, அந்தப் பேரை?”

எந்தப் பேர் என்று கேட்டேன்.  சித்தப்பா மாடிப்படியில் நின்று, இமிகிரேஷனில் இருந்து பாடசாலைக்குக் கடிதம் ஏதும் வந்ததா என்று கேட்டார். இன்னொரு பேர், மேலே விசாரிக்கிறார்கள் என்று நான் சொன்னதை அவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் கூடையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். புல்லுக்கூடை, மஞ்சள் அட்டை, கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது, லூசியா. சொல்லச் சொல்ல எனக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது.

சின்னம்மா சோபாவின் கைப்பிடியில் இருந்தார்.

“விளையாட்டுக்கோ?” என்றார். “விளையாட்டுக்கே பேர் மாத்துறவை?”

 அவர் தேத்தண்ணி போடப் போனார். சித்தப்பா பைகளைத் திரும்ப மேலே கொண்டு போனார், போகும்போது, “சும்மா அந்தப் பேருக்கு ஓம் எண்டு சொல்லியிருந்தா இவ்வளவும் இல்லை. பேரில என்ன கிடக்கு, பாஸ் பண்ணினாக் காணும்” என்று முணுமுணுத்தார். துஷ்யந்தி என் மகளை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் இருந்தாள். யாரும் கேட்காமலே சொன்னாள்.

இங்கே வருவதற்கு முன்பு பாங்கொக்கில் ஓர் அறையில் ஏழு மாதம் இருந்திருக்கிறாள். முன்பின் தெரியாத ஒரு கணவன் மனைவிக்கு மகள் என்று கடவுச்சீட்டு. அதில் வேறு பெயர். காசு வாங்கி ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் அவளைப் பழக்கினான்.

“சாப்பிடேக்க கேப்பான், குளிச்சிட்டு வரேக்க கேப்பான், உன்ர பேரென்ன எண்டு. சொந்தப் பேர் வாயில வந்தா அண்டைக்குச் சாப்பாடில்லை. பிறகு பிறகு எனக்குச் சொந்தப் பேர் மாறியும் வாறேல்லை மிஸ். கனவிலையும் அந்தப் பேர்தான். இஞ்ச எயார்போட்டில ஒரு பொம்பிளை கேட்டா. கனநேரம் யோசிச்சுத்தான் துஷ்யந்தி எண்டு சொன்னனான்.” மகளின் சப்பாத்தைக் கழற்றித் திரும்பப் போட்டாள். “இனி மாத்தேலாது மிஸ். சைபர் எண்டாப் போடுங்கோ.”

அந்தப் பெயர் என்ன என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

அவளுடைய அகதி விசாரணை முடியும்வரை யாருக்கும் சொல்லக்கூடாது என்று சின்னம்மா என்னிடம் சத்தியம் வாங்கினார். ஆகவே திங்கட்கிழமை மிசிஸ் எம்மிடம், சொந்தக் காரணம் இருக்கிறது, என்னவென்று சொல்ல முடியாது, என்னை நம்புங்கள் என்று மட்டுமே சொன்னேன். எல்லோருக்கும் ஒரு சொந்தக் காரணம் இருக்கும் கண்ணே என்றார். விதி ஒருவருக்காக வளைந்தால் பிறகு அது விதி இல்லையென்றார். நான் சொல்ல முடியாத ஒன்றை வைத்துக்கொண்டு கெஞ்சுகிறேன் என்று தெரிந்தும், நான் ஏன் இப்படிப் பயந்து நிற்கிறேன் என்று ஒரு தடவைகூட யோசிக்காத அந்த முகத்தை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த நாள் வகுப்பில், பெயர் அட்டைகளையெல்லாம் எடுத்து உள்ளே வைக்கச் சொன்னேன். இனிச் சொந்தப் பெயரில் கூப்பிடுகிறேன் என்றேன். துஷ்யந்தி நிமிர்ந்து பார்த்தாள். வெய்ன் கையை உயர்த்தினான்.

“மிஸ், நோ. ஐ ஆம் ரஃபேல்.”

அவனுக்கு அந்தப் பெயர் வேண்டும். அழுதுவிடுவான் போலிருந்தது. அவன் வீட்டில் வெய்ன் என்ற பெயர் எப்படிக் கூப்பிடப்பட்டதோ எனக்குத் தெரியாது. நானும் ஒருகாலத்தில் சோஃபியாவைப் பிடித்துக்கொண்டு நின்றவள்தானே. இவனிடம் பிடுங்குவது என்ன நியாயம் என்று குழம்பிப்போய், அங்கேயே முடிவை மாற்றினேன். யாருக்கு எந்தப் பெயர் வேண்டுமோ அதை மேசையில் நிறுத்துங்கள் என்றேன். பெரும்பாலோர் ஸ்பானியப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். நான்கைந்து பேர் மாற்றினார்கள். துஷ்யந்தி தன் பெயரைத் தமிழில் எழுதி நிறுத்தினாள். அதைப் பார்த்து ரஃபேல், இது என்ன படமா என்று கேட்டான். எழுத்துகளை எழுதிக் காட்டச் சொல்லிப் பழகவும் தொடங்கினான்.

என் கணவருக்கு இது பிடிக்கவில்லை. கெட்டவர் இல்லை, வீட்டு வாடகையை நினைக்கிறவர்.

“பெர்மனன்ற் வாற வருசம் உமக்கு உது தேவையோ? பிள்ளை பாஸ் பண்ண ஏலாட்டில் வேற பாடம் எடுக்கட்டும். எங்கட பிள்ளைக்கும் ஒரு வழி பாரும்.”

அவர் சொன்னது சரிதானா என்று அந்த வருடம் முழுவதும் யோசித்தேன். பாடத்துக்குக் குறிப்பு எழுதும்போது யோசிப்பேன், மகளுக்குச் சோறு தீத்தும்போது யோசிப்பேன். காலையில் வகுப்புக்குள் போய் அந்தத் தமிழ் அட்டையைப் பார்த்தால் யோசனை நிற்கும். மாலையில் திரும்ப வந்துவிடும்.

இரண்டாம் ஆண்டின் முடிவில் வாய்மொழிப் பரீட்சை. அதன் முறை எல்லோருக்கும் தெரிந்ததே. ஒரு சின்ன அறை. வகுப்பாசிரியை படங்களைக் காட்டிக் கேள்வி கேட்பாள், துறைத் தலைவி பக்கத்தில் இருந்து புள்ளி போடுவார். இரண்டாம் ஆண்டில் பிள்ளைகள் படிப்பதெல்லாம் கடந்தகாலத்தைச் சொல்லத்தான். நேற்று என்ன செய்தாய், சின்ன வயதில் என்ன செய்வாய், போன கோடையில் எங்கே போனாய். ரஃபேல் தான் ஒருநாளும் போகாத கடற்கரையில் பிடித்த மீனைப் பற்றி உருக்கமாகச் சொல்லிவிட்டுப் போனான்.

துஷ்யந்தி உள்ளே வந்து இருந்தாள். நான் படத்தை எடுப்பதற்கு முன்பே மிசிஸ் எம் தானே கேட்டார்:

“கோமோ தே யாமாஸ்?”

உன் பெயர் என்ன. முதல் பாடத்தில் முதல் வரி அது. அந்த அறையில் அன்று வேறு எந்தப் பிள்ளையிடமும் அவர் அதைக் கேட்கவில்லை.

துஷ்யந்தி தன் முழுப் பெயரையும் சொன்னாள். வகுப்பில் உன் பெயர் என்ன என்று, அதே மென்மையான குரலில், அவர் திரும்பக் கேட்டார்.  சும்மா சொல்லிவிடேன் என்று ஒரு கணம் எனக்கும் தோன்றியது.

அவள் ஸ்பானிஷில் சொன்னாள். அவசரப்படாமல், ஒவ்வொரு வினைச்சொல்லையும் நான் படிப்பித்த இடத்தில் வைத்து. வகுப்பிலும் என் பெயர் அதுதான். விமானத்தில் வேறு பெயர் இருந்தது. அதற்கு முன்பு ஏழு மாதம் ஒரு மனிதன் எனக்கு வேறு பெயர் தந்தான். என் பெயரைச் சொன்னால் அவன் சாப்பாடு தரவில்லை. எனக்குப் பசித்தது, அதனால் அவன் தந்த பெயரைச் சொன்னேன். இப்போது எனக்குப் பசியில்லை.

நான் வெளியே சொல்லமாட்டேனென்று சத்தியம் செய்ததை அவளே சொல்லிவிட்டாள், யாருடைய அனுமதியும் கேட்காமல்.   மிசிஸ் எம் நன்றி என்று சொல்லி அவளை அனுப்பினார். பிறகு தாளில் எழுதினார். வாய்மொழிக்கு முழுப் புள்ளி.

“கடந்தகாலம் மிக நன்றாக வந்திருக்கிறது” என்றார் என்னிடம். “பங்கேற்பு மட்டும் சைபராகத்தான் இருக்க வேண்டும், கண்ணே. அடுத்த வருடம் இன்னொரு பிள்ளை இன்னொரு கதையோடு வரும்.”

கதை. அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவருக்கு விளங்கியது. இந்த நாட்டில் அந்த மொழியை அந்த அளவுக்கு விளங்கக்கூடியவர்கள் எத்தனை பேர்? ஒரு பிள்ளை தன் பட்டினியைச் சொன்னதைக் கேட்டு, அதற்கு முழுப் புள்ளியும் போட்டுவிட்டு, அதனால் பெயர் மாற்ற மறுத்ததற்காகவே அவளைத் தவறவைக்கலாம் என்று நினைத்தார். மொழி படிப்பது மற்றவர் சொல்வது விளங்கத்தான் என்று அதுவரை நான் நம்பியிருந்தேன்.

நான் சைபர் போட மாட்டேன் என்றேன்.  போட வேண்டுமென்றால் தாளில் அவரே போட்டு, கீழே அவரே கையெழுத்து வைக்கட்டும் என்றேன். புள்ளித்தாளில் வகுப்பாசிரியையின் கையெழுத்துத்தான் இருக்கும், ஆனால் துறைத் தலைவி விரும்பினால் தன் கையெழுத்தை வைத்து மாற்றலாம். நான் துஷ்யந்திக்கு அவளுக்குரிய பங்கேற்புப் புள்ளியைப் போட்டு, கையெழுத்து வைத்து, அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அவர் அதை மாற்றவில்லை. இரக்கத்தினால் என்று நினைக்கிறீர்களா? நான் அப்படி நினைக்கவில்லை. அந்தச் சைபருக்குக் கீழே தன் பெயரை எழுத அவருக்கு மனமில்லை. என் பெயர் இருந்திருந்தால் பரவாயில்லை.

பாடசாலையின் கடைசி நாள் உபஅதிபர் கூப்பிட்டு, அடுத்த வருடம் ஸ்பானிஷ் வகுப்புகள் குறைகின்றன, ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று சொன்னார். செப்டெம்பரில் வேறொருவர் அந்த வகுப்பை எடுத்தார் என்று பிறகு அறிந்தேன். வகுப்புகள் குறையவில்லை. வேறு பாடசாலைகளுக்கு விண்ணப்பித்தேன். சிபாரிசுக்கு யாரைக் கேட்கலாம் என்ற இடத்தில் மிசிஸ் எம்மின் பெயரைத்தான் எழுத வேண்டியிருந்தது. சிலர் கூப்பிட்டார்கள், பிறகு கூப்பிடவில்லை. மகள் அடிக்கடி காய்ச்சல்காரி, ஒருவிதத்தில் நல்லதுதான் என்று சொல்லிக்கொண்டேன். அதைச் சொல்லும் நாட்களில் எனக்கு இன்னும் கோபம் வரும்.

புள்ளி அறிக்கைகளைத் தபாலில் அனுப்பிய அந்த வாரம் சின்னம்மா தொலைபேசி எடுத்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“ரீச்சர், றிப்போட் காட் வந்திட்டுது.”

“ஸ்பானிஷ் பாஸ் எண்டு கிடக்கே அக்கா?”

“பாஸ், பாஸ். எழுபதுக்கு மேல. அதை விடுங்கோ. பேரைக் கேளுங்கோ. முழுப் பேரும் அடிச்சிருக்கு. எங்கையும் வேற பேர் இல்லை.”

துஷ்யந்தி பக்கத்தில் நின்று, போதும் சின்னம்மா என்று சொல்வது கேட்டது. சின்னம்மா நிறுத்தவில்லை. தகப்பன் பெயரிலிருந்து தொடங்கி, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக எனக்கு வாசித்துக் காட்டினார். நீளமான பெயர். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைசி எழுத்துவரை நின்று கேட்டேன்.